வீடு பார்க்க வருகிறார்கள்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடி உயரத்துக்கு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ், பக்கத்தில் ஒரு தையல் மெஷின், கால்மாட்டில் பூப்போட்ட விரிப்பு. தலைக்கு மேலே ‘வறுமையை வென்றேன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே கடன் கம்பெனியின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். யார் வென்றது என்று கேட்டால் படத்தைக் காட்டலாம், எப்படி வென்றாள் என்று கேட்டால் போன் நம்பரைக் காட்டலாம்.

படத்தில் இருந்தவளை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. இஸ்திரிக்காரி. அடுக்குமாடி வீடுகளில் காலையில் துணி வாங்கி வந்து, தேய்த்து மடித்து, மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பவள். அந்தப் படத்தில் அவளுக்குச் சொந்தமாக இருந்தது முகமும் பல்லும்தான். உடுத்தியிருந்த புடவைகூட எதிர்வீட்டுக்காரியுடையது.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் அந்தத் தெருவின் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்குமாக ஒரு குழாய். பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருத்தி வாங்கும் கடனுக்கு மற்றவர்கள் ஜாமீன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வரும் இளைஞனுக்குத் தெருவே சேர்ந்து ‘செவ்வாய்’ என்று பெயர் வைத்திருந்தது. கடன் கொடுப்பதற்கு முன்னால் செவ்வாய் வந்து வீடு பார்ப்பான். தொழிலுக்குத்தான் கடன், அதனால் வீட்டில் தொழில் தெரிய வேண்டும். ஆனால் கையில் வரும் பணம் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே போய்விடும். ஆஸ்பத்திரி, வாடகை பாக்கி, பழைய கடன். அப்புறம் வீட்டில் தொழிலுக்கு எங்கே போவது?

அதற்குத்தான் லீடரம்மா இருந்தாள். குழுவின் தலைவி, தையல்காரி, அடுத்த வீடு. அவளிடம் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு தையல் மெஷினும் இருந்தன. யார் வீட்டைப் பார்க்க வருகிறார்களோ அந்த வீட்டுக்கு இரண்டும் போய்விடும். அந்த மெஷின் தைத்ததைவிட நடந்தது அதிகம். செவ்வாய்க்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். கதவில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கிற ஃப்ரிட்ஜை வீட்டுக்கு வீடு பார்த்தவனுக்குத் தெரியாமலா போகும்? ஆனால் மாதம் இத்தனை கடன் கொடுத்தாக வேண்டும் என்று அவன் தலையிலும் ஒரு சுமை. பார்க்காத மாதிரி பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இஸ்திரிக்காரியின் விஷயத்தில் முதல் கடன் உண்மையாகவே அவளைத் தூக்கிவிட்டது. அதை மறைக்கக் கூடாது. அதற்கு முன்பு இஸ்திரிப் பெட்டிக்கு நாள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கிடைத்ததில் பாதி பெட்டிக்காரனுக்கே போகும். கடன் வாங்கி நல்ல கனமான பெட்டி ஒன்று சொந்தமாக வாங்கினாள். வருஷம் திரும்புவதற்குள் அடைத்தும் விட்டாள். அந்த வருஷம் அவள் வீட்டில் யாரும் அரை வயிற்றோடு படுக்கவில்லை. அத்தோடு நின்றிருந்தால் வென்றேன் என்று அவளே ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். ஆனால் சந்தையில் மூட்டை தூக்கும் அவள் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது கடன் முதுகுக்குப் போனது. மூன்றாவது, இரண்டாவதை அடைக்கப் போனது. நாலாவது எதற்குப் போனது என்று கேட்டால் அவளே திருதிருவென்று விழிப்பாள். பெட்டிக்காரனுக்குக் கொடுத்ததை இப்போது செவ்வாய்க்குக் கொடுக்கிறாள். பெட்டிக்காரனாவது மழை நாளில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாடகை கேட்க மாட்டான்.

தலைமை ஆபீஸிலிருந்து விளம்பரத்துக்கு ஒரு படம் கேட்டபோது லீடரம்மாதான் இவளைக் கைகாட்டினாள்.

“உனக்குத்தான்டி பல்லு வரிசையா இருக்கு. சிரிச்சா எடுப்பா இருக்கும். படம் நல்லா வந்தா நம்ம குழுவுக்கு அடுத்த கடன் கேட்ட கையோட வந்துரும்னு செவ்வாய்த் தம்பி சொல்றான். பத்துப் பேரு பொழப்பு உன் சிரிப்புல இருக்கு.”

படம் பிடிப்பவன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். “கொஞ்சம் வசதியா தெரியணும்மா” என்று இழுத்தான். லீடரம்மா கையைத் தட்டினாள். தெருவுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஃப்ரிட்ஜ் வந்தது, மெஷின் வந்தது, நாற்காலி, விரிப்பு, புடவை எல்லாம் வந்தன. இடம் போதாமல் போனதால் வீட்டுக்காரரைப் பாயோடு தூக்கி வெளியே போட வேண்டியதாயிற்று.

“வறுமையை ஜெயிக்கணும்னா மொதல்ல என்னை வெளிய போடணும்போல” என்றார் அவர், படுத்தபடியே.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் படம் எடுக்கப்பட்டது.

போர்டு ஏறியதும் அடுக்குமாடிக்காரர்கள் பேரம் பேச ஆரம்பித்தார்கள். “உனக்கென்னம்மா, ஃப்ரிட்ஜு மெஷினுன்னு ஜாம் ஜாம்னு இருக்கே” என்று சட்டைக்குக் கொடுப்பதில் குறைத்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் மகளுக்கு அந்தப் போர்டால் தலைகால் புரியவில்லை. பதினைந்து வயது. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யும் நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தாள். அங்கே அவளுக்கு ‘தள்ளுபடி’ என்றே பெயர். தள்ளுபடி, பென்சில் இருக்கா, தள்ளுபடி, நகரு. போர்டு வந்த பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பஸ்ஸே அந்தப் போர்டைத் தாண்டித்தான் திரும்பும். “எங்க வீட்ல எப்பவும் ஜில்லுன்னுதான் தண்ணி” என்று மகள் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். இதெல்லாம் அம்மாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெரிய வகுப்புக்குப் போகிற வருஷம். தள்ளுபடியைப் புதுப்பிக்க வேண்டும். மகள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“தள்ளுபடி கிடையாதாம்மா. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. உங்க அம்மாதான் போர்டுல நிக்கிறாங்களே, அப்புறம் என்னன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“பணம் எப்ப கட்டணும்?”

“வர்ற புதன்கிழமைக்குள்ள. இல்லேன்னா இடத்த வேற பொண்ணுக்குக் கொடுத்துருவாங்களாம்.”

அந்தக் கட்டணத்தை இஸ்திரிக்காரி தன் பெட்டி தேய்ந்து தகடாகும் வரை தேய்த்தாலும் சேர்க்க முடியாது. மகளோ வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருபவள். இந்த ஒரு வாரத்தில் என்ன செய்கிறோமோ அதில்தான் அவள் படிப்பு இருக்கிறது என்று இஸ்திரிக்காரிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் கம்பெனிக் கிளைக்குப் போனாள். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். போர்டில் இருப்பவள் நேரில் வந்தால் சும்மாவா?

“ஒண்ணுமில்ல சார். நாங்க இன்னும் கஷ்டத்துலதான் இருக்கோம்னு ஒரு வார்த்த எழுதிக் கொடுத்தா போதும். பள்ளிக்கூடத்துல காட்டணும்.”

மேனேஜர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

“நாங்களே எப்படிம்மா எழுதித் தர்றது? உங்கள வச்சுத்தானே நாங்க பேசிக்கிட்டு இருக்கோம். இதுக்கு ஏன் கவலப்படுறீங்க? படிப்புக் கடன்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்குன்னா கண்ண மூடிக்கிட்டு குடுப்போம். பொண்ண மட்டும் கூட்டிட்டு வாங்க.”

நாலாவது கடன் பாதிகூட முடியவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வேறொரு இடத்தில் வாங்கியதும் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கடனையும் தலையில் தூக்கி வைத்தால் கழுத்து முறிந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தள்ளுபடியைக் கவனிப்பவர் கணக்கு டீச்சர். கண்டிப்பானவர், ஆனால் கருணையில்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இவள் உட்காரவில்லை.

இல்லை என்று சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அந்தத் தெருவில் எல்லோரும் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லியே பழகியவர்கள். ஃப்ரிட்ஜ் இருக்கிறது, தொழில் இருக்கிறது, அடுத்த வாரம் பணம் இருக்கிறது. இல்லை என்று வாயைத் திறந்து சொன்னதும் உடம்பிலிருந்து துணியை உருவினாற்போல இருந்தது. கூனிக் குறுகி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்தப் படத்துல மூஞ்சி மட்டும்தான் டீச்சர் என்னோடது. மத்ததெல்லாம் இரவல்.”

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் நம்புறேன்மா. ஆனா என்னை மட்டும் கேட்டு முடிவு பண்ண மாட்டாங்க. நகையக் கழட்டி வச்சுட்டு, கிழிஞ்ச புடவையக் கட்டிக்கிட்டு வந்து ஏமாத்துனவங்க இருக்காங்க. அந்த அவமானம் எனக்கும் வந்திருக்கு. சனிக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வந்து பாத்துடுறேன். பாத்துட்டேன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க.”

“வாங்க டீச்சர். பாக்குறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையிலேயே துணிகளைத் தேய்த்து முடித்துவிட்டாள். டீச்சர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை. மாடிப்படி ஏறி இறங்கி, ஒரு வீட்டில் சில்லறைக்குக் காத்திருந்து, அவள் திரும்பும்போது நேரமாகிவிட்டது.

தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வீட்டுக்காரர். குழாயடிக்குப் பக்கத்தில் பாயோடு கிடந்தார்.

“என்ன இங்க படுத்திருக்கீங்க?”

“என்னைக் கேட்டா? மறுபடியும் ஜெயிச்சிட்டோம்போல. நீ சொல்லித்தான் நடக்குதுன்னு நினைச்சேன்.”

ஓடினாள்.

வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் நின்றது. இந்தத் தடவை ஒயரும் செருகி, உறுமிக்கொண்டு வேறு இருந்தது. தையல் மெஷின் சன்னலோரத்தில், ஊசியில் நூல்கூடக் கோத்துத் தயாராக. பூப்போட்ட விரிப்பு. யார் வீட்டிலிருந்தோ ஒரு டி.வி. நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கதவை ஒட்டி இன்னொரு பெண், மகளின் வயது, பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் மகள், தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு. டம்ளரின் வெளிப்பக்கம் ஜில்லென்று வியர்த்திருந்தது.

நடந்தது இதுதான். டீச்சருக்கு அந்தத் தெரு தெரியாது. அந்தப் பக்கம் யாருக்கு வழி தெரியும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். மகள் எழுவதற்குள் அந்தப் பெண் கையைத் தூக்கிவிட்டது. இஸ்திரிக்காரியின் மகளுக்கு அப்போதே மூச்சு நின்றுவிட்டது. ஃப்ரிட்ஜ் கதையெல்லாம் நாளைக்குச் சந்தி சிரித்துவிடும், பழையபடி தள்ளுபடி என்று கூப்பிடுவார்கள். அம்மா கிளம்பியதும் ஓடிப்போய் லீடரம்மாவிடம் நின்றாள். வீடு பார்க்க வருகிறார்கள் என்றாள். வேறு எதையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்தத் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், வீடு பார்க்க வந்தால் வீட்டை நிரப்ப வேண்டும் என்பதுதான். பாவம், இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

“வாங்கம்மா” என்றார் டீச்சர். குரல் மாறியிருந்தது. “வீடு நல்லா வசதியாத்தான் இருக்கு.”

இஸ்திரிக்காரி மூச்சு வாங்கினாள். “டீச்சர், இது எதுவும் எங்களோடது இல்ல. இந்த ஃப்ரிட்ஜு, மெஷினு எல்லாம் பக்கத்து வீட்டு லீடரம்மாவோடது. அன்னைக்கே சொன்னேனே.”

டீச்சர் மகளைப் பார்த்தார். “அப்படியா?”

மகள் டீச்சரைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“எங்களோடதுதான் டீச்சர்” என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, “அம்மா தள்ளுபடிக்காக அப்படிச் சொல்றாங்க” என்றாள்.

நிரூபிப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லீடரம்மா இருக்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்து நிற்பாள். தெருவையே கூப்பிட்டு அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். தள்ளுபடி கிடைத்துவிடும். இஸ்திரிக்காரி வாயைத் திறக்கத்தான் செய்தாள். அப்போது மகளின் கண் இன்னும் கதவோரத்திலேயே இருப்பதைப் பார்த்தாள். கதவோரத்துப் பெண் பின்னலைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் இது எப்படிப் பேசப்படும் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. பெற்றவளே மகளைப் பொய்க்காரி என்று நிறுத்தினால் அந்தப் பிள்ளை எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போவாள்? இரவல் சாமானுக்கு நடுவே நின்று சிரிப்பது எப்படி என்று அவள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைத்தானே அண்ணாந்து பார்க்கிறாள்?

“ஆமா டீச்சர்” என்றாள் இஸ்திரிக்காரி. “எங்களோடதுதான். ஆசப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

டீச்சர் எழுந்தார். குடிக்காத டம்ளரை மெஷின் மேல் வைத்தார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது.

“உங்கள நம்பி நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன்மா. எல்லாம் இருக்குற நீங்களே இப்படி வந்து இல்லன்னு நின்னா, உண்மையிலேயே இல்லாத வீட்டுப் பிள்ளைங்க எங்க போகும்? அதையாவது யோசிச்சீங்களா?”

அவளுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இல்லை என்று சொன்ன அன்றைக்குக்கூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. டீச்சர் வாசல் வரை போனார், நின்றார், திரும்பி வந்து மகளின் கன்னத்தைத் தட்டினார்.

“நீயாவது உண்மையைச் சொன்னியே. நல்ல பொண்ணு.”

அவர்கள் போனதும் மகள் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். தெருக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன, பாஸா?” என்றார்கள். யாரும் பதில் சொல்லாததால் பாஸ்தான் என்று நினைத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடியே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லீடரம்மா மட்டும் இஸ்திரிக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அடியே, என்ன ஆச்சு?” என்றாள். “ஒண்ணுமில்லக்கா” என்று இவள் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

அம்மா மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இருவருக்குமே நல்லதாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒற்றை அறைக்குள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் எதையோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் அவரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து மேஜையின் அந்தப் பக்கம் நின்றாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்மா.”

“என்ன சொன்ன?”

“எல்லாத்தையும். ஃப்ரிட்ஜ் நம்மோடது இல்லேன்னு. நான்தான் கேட்டு வாங்கி வச்சேன்னு. டீச்சருங்க எல்லாரும் இருந்தாங்க. அவங்க முன்னாடியே சொன்னேன்.”

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளால் அதில் பாதியைக்கூடச் செய்ய முடிந்ததில்லை.

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

மகள் உதட்டைக் கடித்தாள். “அம்மா சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களான்னு கேட்டாங்க.”

“அப்புறம்?”

“இல்லன்னு சொன்னேன். அன்னைக்கு எவ்வளவு தைரியமா உண்மையைச் சொன்ன, அதுலேயே நில்லு, அம்மாவுக்காகப் பொய் சொல்லப் பழகாதேன்னாங்க.” மேஜை மேலிருந்த அடுத்தவர் சட்டைகளின் மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இஸ்திரிக்காரி அவள் தலையில் கை வைத்தாள். உன்மேல் தப்பு இல்லை என்று சொல்ல நினைத்தாள். அப்படிச் சொன்னால் தப்பு யார்மேல் என்று அடுத்து வரும், அதனால் சொல்லவில்லை. நனைந்த சட்டையை மறுபடியும் தேய்க்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை இருவரும் கம்பெனிக் கிளைக்குப் போனார்கள். பணம் கட்டுவதற்கு மறுநாள் கடைசி. பாதி ரத்தத்தைக் கொடு என்றாலும் கொடுத்துவிடலாம் என்கிற நிலைமையில் அவள் இருந்தாள். லீடரம்மாவும் குழுவும் ஜாமீனுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அதெல்லாம் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. மேனேஜர் மகளைப் பார்த்து, “டாக்டரா, இன்ஜினியரா?” என்று கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள்.

“இந்தப் பேப்பரே போதும்மா. கடைசியா ஒரே ஒரு கேள்வி. தலைமை ஆபீஸ்ல இப்ப புதுசா கேக்கச் சொல்றாங்க. எங்க கடனால ஜனங்களுக்கு நெஜமாவே பிரயோஜனம் இருக்கான்னு ஏதோ ஆராய்ச்சியாம்.” கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். “கடன் வாங்கின பிறகு உங்க குடும்பம் முன்னேறியிருக்கா? ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“இல்லன்னு சொன்னா என்ன சார் ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. மறுபடி ஒருத்தர் வந்து விசாரிப்பாரு. பணம் வர ஒரு பத்து நாள் தள்ளும், அவ்வளவுதான்.”

இஸ்திரிக்காரிக்குச் சொந்தமாக வாங்கிய பெட்டி நினைவுக்கு வந்தது, அந்த ஒரு வருஷம் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அந்தக் கேள்வியில் இடம் இல்லை. இந்த ஒரு தடவையாவது மகள் காதில் விழுகிற மாதிரி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. புதன்கிழமையையும் நினைத்துப் பார்த்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா சார்” என்றாள் மகள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிற தெளிவான குரல். “நல்லா முன்னேறியிருக்கோம்.”

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். “உங்களவிடப் பொண்ணு கெட்டிக்காரிம்மா. பொழச்சுக்கும்.”

இஸ்திரிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மகள் விரலால் தொட்டுக் காட்டினாள். அம்மா போட்டாள்.